கொடுக்கும் வீடு

பேராதனை விடுதிகளில் தங்கிக் கற்கும் வடபகுதி மாணவருக்கு வீட்டிலிருந்து வருவன இன்னவை என்பது பல தலைமுறையாக மாறாத வழக்கமாகும். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, மாதச் செலவுக்கான பணம் ஆகியவற்றை வீடு கொடுத்தது, பிள்ளை பெற்றது. ஆயின் ஓசையையும் காட்சியையும் பொறுத்தவரை வீட்டின் நிலை வேறு விதமாகவே அமைந்துள்ளது. வானொலியும் தொலைக்காட்சியும் வந்த காலந்தொட்டு வீடு பெறுமிடமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கொடுப்பவை பெருநகர நிலையங்கள், பெறுபவை குடும்பங்கள். இணையமும் பெருமளவுக்கு இவ்வமைப்பையே பின்பற்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்திற் பரவிய ஏ.டி.எஸ்.எல். முறையின் பெயரிலேயே ‘சமச்சீரற்ற’ என்னும் பொருள் அடங்கியுள்ளது. அதன் மேம்பட்ட வகையில் வீட்டை நோக்கி வரும் தரவுக்கு விநாடிக்கு 24 மெகாபிற் வரை இடமுண்டு. வீட்டிலிருந்து வெளியே செல்வதற்கோ ஏறத்தாழ 1 மெகாபிற் மட்டுமே. இன்று பரவலாகப் பயன்படும் ஒளியிழை முறையொன்றிலுங்கூட வருவழி 2.5 கிகாபிற் எனின், செல்வழி 1.25 கிகாபிற்றாகவே வகுக்கப்பட்டுள்ளது. அதுவும் பல வீடுகளுக்குப் பொதுவானது. முகவரியின் நிலையும் இத்தகையதே. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. எனவே பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னே நிறுத்தும் ஏற்பாடு பெருகியது. அவ்வாறு நிறுத்தப்பட்ட வீடு வெளியே சென்று எதனையும் கேட்டுப் பெறலாம். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து அதன் கதவைத் தட்ட இயலாது. ஒரே தபாற்பெட்டியைக் கொண்ட பெரும் விடுதிக்கு, அறை எண் எழுதப்படாது வரும் கடிதத்தின் கதியே அவருக்கும் நேர்கின்றது.

வீட்டு ஊடக வழங்கி என்பது இவ்வொழுங்கினைத் தலைகீழாக்கும் ஒரு சிறு முயற்சி எனலாம். வீட்டிலுள்ள கணினியொன்றிற் பாடல், பேச்சு, நிகழ்படம் ஆகியவற்றைத் தொகுத்து வைத்து, வெளியூரில் இருப்பவர் தமது கைத்தொலைபேசியில் அவற்றைக் கேட்கவும் பார்க்கவும் செய்தலே அதன் தொழில். கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை காத்திராது, வரும் பகுதியை வரவர ஒலிக்கச் செய்வதை ஸ்ட்ரீமிங் என்பர். இதற்கான மென்பொருள்களுள் ஒன்றான ஜெலிஃபின், 2018 டிசெம்பரில் எம்பி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்தது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. கதவைத் தட்ட இயலாமைக்கும் ஒரு மாற்றுண்டு. வீட்டுக் கணினியும் வெளியூர்க் கைத்தொலைபேசியும் தாமே வெளியே வந்து ஒன்றையொன்று சந்திக்கச் செய்து, அவற்றிடையே மறைகுறியாக்கப்பட்ட தனிவழியொன்றை அமைத்துவிடின், அவை ஒரே கூரையின்கீழ் உள்ளனபோல இயங்கும். வயர்கார்ட் என்னும் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இப்பணியைச் செய்கின்றன.

இதன் பயனை ஒரு குடும்பத்தின் அனுபவம் நன்கு புலப்படுத்தும். வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கின்றாள். அவளுடைய பாட்டனார் ஊர்க் கோயிலிற் கந்தபுராண படனத்தின்போது பயன் சொல்லி வந்தவர். ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துரைப்பது யாழ்ப்பாணத்து மரபு. 1980களில் உறவினரொருவர் அவ்வுரைகளைக் கசெற்றுக்களிற் பதிவு செய்தார். அவற்றுள் 140 இன்று எஞ்சியுள்ளன. பாட்டனார் இன்று இல்லை. தம் உரையை எழுதி வைத்தவரும் அல்லர். 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட ஒரு காப்பியத்தை ஓர் ஊர் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு அந்நாடாக்களே சான்று.

நாள்தோறும் மாலையில் அவளுடைய தந்தையார் ஒரு கசெற்றைப் பழைய கருவியில் ஓடவிட்டுக் கணினியிற் பதிகின்றார். ஒரு மணிநேர நாடாவைப் பதிவதற்கு ஒரு மணிநேரம் வேண்டும். பூஞ்சணம் பிடித்த சில நாடாக்கள் ஒருமுறைக்கு மேல் ஓடமாட்டா. விநாடிக்கு 128 கிலோபிற் அளவிற் பதிவு செய்யின் ஒரு கசெற் ஏறத்தாழ 58 மெகாபைற்; 140உம் சேர்ந்து 8 கிகாபைற் அளவே. குறுகிய செல்வழிக்கும் அது சுமையன்று. அன்றிரவே விடுதியில் அவளுடைய பட்டியலிற் புதிய பதிவு தோன்றுகின்றது. எந்தக் காண்டம், எந்தப் படலம், எங்கே ஓசை அழிந்துள்ளது என்பவற்றை அவள் கேட்டுக் குறித்து வைக்கின்றாள். அக்குறிப்பு இல்லாவிடின் 140 பதிவுகளும் பெயரற்ற ஓசைக் குவியலாகவே எஞ்சும்.

இந்நாடாக்கள் முன்னரும் ஒருவருடைய உழைப்பினாலேயே ஒலித்தன. 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலியும் கசெற்றும் கேட்டனர் மக்கள். சுழற்றுபவர் களைத்தாற் குரல் இழுபடும். நிறுத்தினாற் குரலும் நின்றுவிடும். கேட்பவர் எவரும் சுழற்றுபவரை மறந்திருக்க இயலாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, இக்குடும்பம் தென்மராட்சிக்குச் சுமந்துசென்ற உரப்பைகளுள் ஒன்றில் இக்கசெற்றுக்களும் இருந்தன.

இன்று சுழற்றுபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு. விடுதியில் இருப்பவளுக்கு விரல் பட்டதும் குரல் எழுகின்றது. வீட்டிலோ கணினி இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். அதற்கான மின்கட்டணத்தைச் செலுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கினால் தாயார் எழுந்து செருகியைக் கழற்றி, மழை ஓய்ந்தபின் மீண்டும் பொருத்த வேண்டும். 2022 மார்ச் 31 அன்று நேர்ந்ததுபோல 13 மணிநேர மின்வெட்டு வருமாயின் எந்த மென்பொருளாலும் பயனில்லை. தாயார் இத்தொழில்நுட்பம் எதனையும் அறியார். இரவில் வன்தட்டின் சிறுவிளக்கு மினுங்கத் தொடங்கினால், “பிள்ளை கேக்குது” என்று மட்டும் சொல்லுவார். மகள் இன்னும் உறங்கவில்லை, நலமாகவே இருக்கின்றாள் என்பது அவ்விளக்கின் வழியாக அவருக்குக் கிடைக்கும் செய்தி. கொடுக்கும் வீடு பெறுவதும் அதுவே.

இவ்வளவு சிரமம் ஏன், பெருநிறுவனமொன்றின் களஞ்சியத்தில் இட்டுவிடலாமே என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயின் பிறர் வாயில் வழியாகச் செல்பவர் அவர் விதிக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டவராகின்றார். வீட்டு வழங்கி மென்பொருள்களுட் பெயர்பெற்ற பிளெக்ஸ், பயனர் தம் சொந்தச் சேகரிப்பிலுள்ள நிகழ்படங்களை வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்கும் வசதியை 2025 ஏப்ரில் இறுதியிற் கட்டணத்துக்கு உரியதாக்கியது. தனிவழி அமைத்துத் தரும் சேவையும் பிறருடையதே எனலாம். எனினும் அது மாறின் வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். பதிவுகள் வீட்டிலேயே இருக்கும்.

வீட்டில் இருப்பதனால் மட்டும் ஒன்று பாதுகாக்கப்பட்டதாகாது என்பதையும் மறத்தலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களிற் பிரதிகள் இருந்தன. பிரதியற்ற ஏடுகளோ மீளவே இல்லை. ஸ்ட்ரீமிங் கேட்பவர் கையில் எதனையும் விட்டுச் செல்வதில்லை. வீட்டு வன்தட்டு ஒருநாள் பழுதுறின், ஓராண்டு கேட்டவளிடமும் எதுவும் எஞ்சாது. இதனை உணர்ந்தே அம்மாணவி ஒவ்வொரு விடுமுறையிலும் அதுவரை சேர்ந்த பதிவுகளை இரண்டாவது வன்தட்டிற் பிரதிசெய்து பேராதனைக்குக் கொண்டுவருகின்றாள். குறிப்பேட்டின் பிரதி ஊரில் இருக்கின்றது. ஒலிப்பதிவின் பிரதி விடுதியில் இருக்கின்றது. வெளியூர் சென்ற பிள்ளைகள் வீட்டிலிருந்து பெறும் உரிமையுடையவர்கள். வீட்டில் இருப்போர் சுமக்கும் காவற்பொறுப்பிலும் அவர்களுக்குரிய பங்கு உண்டு. அப்பங்கை அவர்கள் ஏற்கும்வரையே அந்த வீட்டாற் கொடுத்துக்கொண்டிருக்க இயலும்.