பிளாக் டயகிராமில் இல்லாத ஆள்

நங்கூரமே போடாம நடுக்கடலில் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் டைனமிக் பொசிஷனிங். ஜிபிஎஸ், சென்சார் தகவலை வைத்து கம்ப்யூட்டரே த்ரஸ்டர்களை ஓட்டும். நாம படிக்கிற அதே ஃபீட்பேக் லூப்தான்.

2012 செப்டம்பரில் வட கடலில், 'பிபி டோபாஸ்' கப்பலில் இந்த சிஸ்டம் செயலிழந்தது. கப்பல் அடித்துச் செல்லப்பட, சுமார் 90 மீட்டர் ஆழத்தில் இருந்த ஒரு டைவருக்கு மூச்சுக்காற்று வரும் குழாய் அறுந்தது. மேலே இருந்தவங்க த்ரஸ்டர்களைக் கையால் இயக்கி, கப்பலைத் திருப்பிக் கொண்டுவரப் போராடினாங்க. அரை மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. ஆனாலும் ஆள் பிழைச்சுட்டார்!

எனக்கு உறுத்துறது வேற. சிஸ்டம் ஒழுங்கா ஓடினா, ஆபரேட்டர் மணிக்கணக்கில் ஸ்கிரீனை மட்டும்தான் பார்ப்பார். அப்புறம் கைப்பழக்கம் எப்படி வரும்? (நம்ம பிளாக் டயகிராமில் அவருக்கு ஒரு பெட்டிகூட கிடையாது.) சிமுலேட்டர் கோர்ஸோட நிறுத்தாம, கீழே டைவர் இல்லாத நேரமா பார்த்து, நிஜக் கப்பலையே ஜாய்ஸ்டிக்கில் ஓட்டிப் பழக விடணும்.