கத்திரிக்கு முன்னால் ஒரு பட்ஜெட்

ஏப்ரல் 5

கணினிக்கு வாட்டர் கூலிங் போடத் திட்டம். பணக் கணக்குக்கு முன்னால் வெப்பக் கணக்கு. ப்ராசஸர் ரைசன் 7 5800எக்ஸ். அது இழுக்கும் மின்சாரத்தின் உச்சம் 142 வாட். கிராஃபிக்ஸ் கார்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080, அதற்கு 320. இரண்டும் சேர்ந்து முக்கினால் 462 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஏறத்தாழப் பாதி, மேசைக்கு அடியில், விடிய விடிய. பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டருக்குப் போட்டுவிட்டுப் படுத்தால், கார்டின் விசிறிகள் போடும் இரைச்சலில் அடுத்த அறையில் இருப்பவர்களும் புரண்டு படுக்கிறார்கள்.

சத்தம்தான் என் புகார். வேகம் போதும். இதை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. வாட்டர் கூலிங் படங்களைப் பார்க்கப் பார்க்க ஆசை வேறு பக்கம் இழுக்கிறது: வளைத்த கண்ணாடி போன்ற குழாய், ஊதாத் தண்ணீர், ஒளிரும் தொட்டி. அவற்றில் எதுவும் சத்தத்தைக் குறைக்காது.

ஏப்ரல் 8

“இதப் போட்டா ரூம் சில்லுன்னு ஆயிடுமாங்க?” என்று மனைவி கேட்டாள். ஆகாது. சிப்பிலிருந்து எடுத்த சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். ரேடியேட்டர் அதை அறைக்குள்தான் விடும். 462 வாட் அப்படியே 462 வாட்தான். “அப்புறம் எதுக்கு?” என்றாள். சின்ன விசிறி வேகமாகச் சுற்றிச் செய்யும் வேலையை, பெரிய பரப்பில் மூன்று பெரிய விசிறிகள் மெதுவாகச் செய்யும் என்றேன். தூங்கலாம் என்றதும்தான் அவளுக்குத் திட்டம் பிடித்தது.

எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. நன்றாக அமைத்தால் காற்றைவிடப் பத்து டிகிரி அதிகத்தில் வந்து நிற்கும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. குளிர்நாட்டுக்காரர் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து 32 டிகிரித் தண்ணீர் என்று எழுதுவார். சென்னையில் மே மாதம் நள்ளிரவில்கூட என் அறை 34. ஆக, தண்ணீர் 44. ஏசி போடாத பகலில் இன்னும் ஏறும். டி5 வகைப் பம்புக்குத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது; இடைவெளி இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு இருக்கும் அளவு இல்லை. நாம் ரேடியேட்டரில் கஞ்சத்தனம் செய்ய முடியாது.

ஏப்ரல் 10

மனதை அரித்த சந்தேகம்: தண்ணீர் முதலில் ப்ராசஸருக்குப் போக வேண்டுமா, கார்டுக்கா? போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். பம்பு நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓட்டினால், 462 வாட்டையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் ஒரு சுற்றில் ஏறுவது 1.7 டிகிரி. அவ்வளவுதான். எது முன், எது பின் என்பது ஒரு பொருட்டே அல்ல. குழாய் எந்த வழியில் குறைவாக வளைகிறதோ அதுவே சரியான வரிசை. வளைவு குறைந்தால் பணமும் குறையும் என்பது பிறகுதான் புரிந்தது.

ஏப்ரல் 13

ரிச்சி ஸ்ட்ரீட். ஏஐஓ எனப்படும் மூடிய சுற்று வகை கடைக்குக் கடை இருக்கிறது. தனித்தனியாக வாங்கிக் கோக்கும் பாகங்களைக் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். “சார், எதுக்கு சார் ரிஸ்க்கு? 360 ஏஐஓ ஒண்ணு மாட்டிட்டுப் போங்க, வேலை முடிஞ்சிது” என்றார் ஒரு கடைக்காரப் பையன். ப்ராசஸருக்கு மட்டும் என்றால் அவர் சொல்வது நியாயம். என் இரைச்சல் கார்டிலிருந்து வருகிறது. பாகங்களை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். பார்ரோ, பிக்ஸ்கி போன்ற சீனத் தயாரிப்புகள் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆல்ஃபாகூல், அக்வா கம்ப்யூட்டர் என்று போனால் பொருளோடு கூரியரும் சுங்கமும் சேர்ந்து வரும்.

முன்னோடிகளுக்கு இந்த வசதியும் இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பழைய கார்களின் ஹீட்டர் கோரைப் பிடுங்கி ரேடியேட்டராக்கினார்கள். மீன்தொட்டிக்குச் செய்த ஏஹைம் பம்பு தண்ணீரை ஓட்டியது. அதற்கும் முன்னால், ஐபிஎம் 1980-இல் அறிவித்த 3081 பெருங்கணினியில், ஒவ்வொரு சிப்பையும் ஓர் உலோகப் பிஸ்டன் தொட்டுச் சூட்டை வாங்கி, மேலே இருந்த தண்ணீர்த் தட்டுக்குக் கொடுத்தது. எங்கேயும் தண்ணீர் சிப்பைத் தொடவில்லை. இன்று நான் பார்க்கும் வாட்டர் பிளாக்கும் அதே வழிதான். பிஸ்டன் போய்ச் செம்புத் தகடு வந்திருக்கிறது.

ஏப்ரல் 19

முதல் பட்டியல். கார்டுக்கான பிளாக் 14,000 ரூபாய். பம்பும் தொட்டியும் சேர்ந்தது 9,000. 360 மி.மீ. ரேடியேட்டர், 45 மி.மீ. தடிமன், 8,000. மூன்று விசிறி 3,000. குழாய் 1,200. கூலன்ட் 1,500. தெர்மல் பேடும் பேஸ்டும் 1,500. கசிவு பார்க்கும் கைப்பம்பு 2,500. இவ்வளவும் கார்டுக்கு மட்டும். ப்ராசஸரையும் சேர்த்தால் பிளாக் 7,000, இன்னொரு 240 ரேடியேட்டர் 6,000, விசிறிகள் 2,000.

இதுவரை மனசு ஒத்துழைத்தது. ஃபிட்டிங் விலையைப் போட்டதும் முகம் சுருங்கியது. குழாயின் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று, ஒன்று 500. தொண்ணூறு டிகிரி திருப்பம் ஒன்று 700. தண்ணீரை வடிக்க ஒரு டி, ஒரு வால்வு, ஒரு மூடி. கார்டுக்கான சுற்றுக்கே 8,000, ப்ராசஸருக்கு இன்னும் 2,000. விரல் நுனி அளவு பித்தளைத் துண்டுகளுக்கு ஒரு ரேடியேட்டரின் விலை! கூட்டினால் 65,700. நான் ஒதுக்கியது 40,000.

ஏப்ரல் 20

அப்பா டீசல் ஷெட்டில் இருந்தவர். என்ஜின் ரேடியேட்டரோடு முப்பது வருஷம். பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “ரேடியேட்டர் என்ன மெட்டல்டா?” என்றார். செம்பும் பித்தளையும் என்றேன். “அப்ப எங்கயும் அலுமினியம் வரக் கூடாது. ரெண்டும் ஒரே தண்ணில கெடந்தா அலுமினியம் அரிச்சிரும்.”

மலிவான ரேடியேட்டர்களில் சில அலுமினியம். விவரத்தைக் கடைசி வரிவரை படித்தால்தான் தெரிகிறது. அவற்றை அடித்தேன். தண்ணீரைப் பற்றியும் கேட்டார். எங்கள் போர்வெல் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளை வளையம் விடும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிஞ்சும். காய்ச்சி வடித்த தண்ணீரில், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட். “மருந்து இல்லாம வெறும் தண்ணி ஓட்டாதப்பா” என்றார், இரண்டு முறை. பால் போலக் கலங்கிய வண்ணக் கூலன்டுகள் பிளாக்கின் நுண்ணிய வரிகளில் படிந்து அடைக்கும், நிறமில்லாததே போதும்.

ஏப்ரல் 26

ப்ராசஸரை விட்டுவிடுகிறேன். எல்லோரும் முதலில் ப்ராசஸருக்குத்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள்; பணம் குறைவாக இருக்கும்போது அது தலைகீழ் வரிசை என்பது என் கட்சி. 5800எக்ஸின் எட்டுக் கோர்களும் ஏறக்குறைய 81 சதுர மி.மீ. சில்லில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதன்மேல் ஓர் உலோக மூடி வேறு. அந்தச் சின்ன இடத்திலிருந்து சூடு வெளியே வருவதற்கே திணறுகிறது. வெளியே காத்திருப்பது தண்ணீரா, நல்ல டவர் கூலரா என்பதில் கிடைக்கும் வித்தியாசம் சில டிகிரிதான். 3080-இன் சிப் 628 சதுர மி.மீ., மூடி இல்லை. செம்பு நேராகத் தொடும். அதன் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் கார்டில் ரெண்டர் நடுவே அது 104 காட்டுகிறது. முழு நீளப் பிளாக் மெமரியையும் மின்சுற்றையும் சேர்த்தே குளிர வைக்கும். ரெண்டர் ஓடும்போது ப்ராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது.

17,000 மிச்சம். இப்போது 48,700.

ஏப்ரல் 29

இன்னும் குறைக்க வேண்டும். விசிறிகள் கணினியின் கேசிலேயே ஏற்கெனவே இருக்கின்றன, காற்றை அழுத்தித் தள்ளும் ரகம், 3,000 போனது. தொட்டியைக் கார்டின் பக்கம் நகர்த்தினால் நான்கு திருப்பங்களும் வேண்டாம். மென்மையான ரப்பர் குழாயே வளைந்து போகும். 2,800. கண்ணாடி போன்ற பிஇடிஜி குழாய் என்றால் இது நடக்காது. 44 டிகிரித் தண்ணீர் இன்னும் ஏறும் ஊரில் சூட்டுக்கு இளகும் குழாயை நான் எப்படியும் நம்ப மாட்டேன்.

மிச்சம் 42,900. கசிவுப் பம்பையும் எடுத்துவிட்டால் 40,400, எடுக்கப் போவதில்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அரை பார் காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் கருவி அது. இறங்கினால் நஷ்டம் காற்று மட்டும்.

இன்னொரு விதமாகவும் பிரித்துப் பார்த்தேன். அந்த 14,000 ரூபாய்ப் பிளாக் இந்தக் கார்டோடு போய்விடும்; அடுத்த கார்டில் பொருந்தாது. பம்பு, ரேடியேட்டர், ஃபிட்டிங் மூன்றும் இன்னும் சில கணினிகளுக்கு வரும். எனவே 2,900 கூடுதலுக்குத் தலையசைத்துவிட்டேன். கார்டின் பழைய கூலரைப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். விற்கும்போது அது இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள்.

மே 2

ஆர்டர் போட்டாயிற்று, பிளாக் தவிர. 3080 என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பலகையை வடிவமைத்திருக்கிறது, துளையும் கெபாசிட்டரும் இடம் மாறியிருக்கும். கார்டின் பின்புறம் இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் எழுத்தில் உறுதி சொன்ன பிறகு பணம். கேசின் முன்பக்கத்தை மறுபடி அளந்தேன்: ரேடியேட்டர் 45, விசிறி 25, ஆக 70 மி.மீ. இடம் இருக்கிறது.

ரேடியேட்டர்தான் முதலில் வரும் என்கிறார்கள். உள்ளே பற்றவைப்பின் கழிவு ஒட்டியிருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சூடாக்கி ஊற்றி, குலுக்கி, தெளிவாக வரும்வரை கொட்ட வேண்டும். “வெள்ளத் துணில வடிகட்டு, என்ன வருதுன்னு நானும் பாக்கறேன்” என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்க வேண்டும். அது பட்டியலில் இல்லை.