கண்ணிக்குள் ஓடும் மின்சாரம்

நெதர்லாந்தின் தெற்கே இருக்கும் டில்பர்க் ஒரு காலத்தில் அந்த நாட்டின் கம்பளி நகரம். கம்பளியை அலசிப் பதப்படுத்தச் சிறுநீர் தேவைப்பட்ட நாட்களில், ஏழைத் தொழிலாளர் வீடுகளில் அதை ஜாடியில் சேர்த்து ஆலைக்கு விற்றிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதைச் சொல்லியே இவர்களைக் கேலி செய்தார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சிய மோமர்ஸ் ஆலைக் கட்டடத்தில்தான் இன்று ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய தறிகளைப் பார்த்தபடி நடந்தால், டெக்ஸ்டீல்லேப் என்னும் கூடத்தில் புதிய இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வடிவமைப்பாளர்கள் யோசனையோடு வருகிறார்கள். இங்கே வேலை செய்பவர்கள் அதைத் துணியாக்கிக் கொடுக்கிறார்கள்.

திருப்பூரில் வளர்ந்த எனக்கு நிட்டிங் சத்தம் புதிதில்லை. கால்கள் தாமாகவே ஒரு ஃபிளாட் மெஷின் முன்னால் போய் நின்றன. நம்மூரில் டி-ஷர்ட் காலர் பின்னுகிற வகைதான், அளவில் பெரியது. வெள்ளைக் கம்பளிக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டைக்கான கோனில் இருந்தது வெள்ளி பூசிய நைலான் நூல். கையில் எடுத்தால் சாதாரண நூல் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதில் மின்சாரம் ஓடும்.

மெஷினை ஓட்டிய அம்மாள், ஒரு வடிவமைப்பாளர், ஒரு மின்னணுப் பொறியாளர் என மூன்று பேர் அந்தத் துண்டுக்காகக் காத்திருந்தார்கள். துண்டு இறங்கியதும் பொறியாளர் இரு முனையிலும் கிளிப் மாட்டி, மீட்டரைப் பார்த்தபடி மெல்ல இழுத்தார். மின்தடை எண் மாறியது. விட்டார். எண் திரும்பி வந்தது, ஆனால் புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை.

இந்தத் துணியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. பின்னல் துணியில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியோடு கோத்து நிற்கிறது. கடத்தும் நூலாக இருந்தால், கண்ணிகள் தொடும் ஒவ்வொரு இடமும் மின்சாரம் தாண்டிப் போகும் வழி. துணியை இழுத்தால் அந்தத் தொடுகை இறுகுகிறது அல்லது தளர்கிறது. மின்தடையும் கூடவே மாறுகிறது. உணர்கருவி என்று தனியாக எதையும் ஒட்டவில்லை. பின்னலே உணர்கருவி. ஆகவே எத்தனை கேஜ் (ஊசிகளின் நெருக்கம்), லூப் லென்த் (கண்ணியின் நீளம்) எவ்வளவு, நூலின் இழுவிசை என்ன என்று மெஷின் ஓட்டுபவர் முடிவு செய்யும்போது, மின்சுற்றின் கணக்கையும் அவரே எழுதிவிடுகிறார்.

அந்த அம்மாள் மீட்டரைப் பார்க்கவில்லை. துண்டை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் விரித்து, "கண்ணி சோர்ந்துபோகிறது" என்றார். லூப் லென்த்தைக் குறைத்து, கூடவே லைக்ரா நூல் ஒன்றையும் ஓட்டினார். அடுத்த துண்டில் எண் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே திரும்பியது. பொறியாளர் முகம் மலர்ந்தது. வடிவமைப்பாளர் அந்தத் துண்டைத் தன் முன்கையில் சுற்றிப் பார்த்துத் தலையசைத்தார்: இவ்வளவு இறுக்கமான சட்டைக் கைக்குள் ஒரு வயதானவர் கையை நுழைக்கவே முடியாது.

முதியோரைப் பற்றிய அந்தக் கவலைக்கு இந்த ஊரில் ஒரு முன்கதை உண்டு. 2013இல் உருவான 'விகர்' என்ற பின்னல் மேலாடை இப்படிப் பல தரப்பும் கூடிச் செய்ததுதான். ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்டைன் டென் பூமர், உடை வடிவமைப்பாளர் பவுலின் வான் டொங்கன், இந்த அருங்காட்சியகம், டெ வேவர் முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஆகியோர் அதில் சேர்ந்திருந்தனர். மேலுடல் அசையும்போது பின்னலுக்குள் இருக்கும் பகுதிகள் இழுபடுகின்றன. அசைவுக்கு ஏற்ப ஒலி எழும். பயிற்சி செய்பவர் அந்த ஒலியைக் கேட்டபடி கையைத் தூக்கலாம். இயன்முறை மருத்துவர் முன்னேற்றத்தைக் கவனிக்கலாம். நோயாளி என்று உடம்பில் எழுதி ஒட்டாத, வீட்டில் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் போன்ற ஓர் உடை. எனக்கு அதில் பிடித்தது அந்த மரியாதைதான். வயர் தொங்கும் கருவியை மாட்டிக்கொள்ளச் சொன்னால் எங்கள் பாட்டி அறையை விட்டே வெளியே வந்திருக்க மாட்டார்.

வெள்ளி நூலுக்குத் தீராத சங்கடங்கள் உண்டு. வியர்வை பட்டால் கறுக்கும். துவைக்கத் துவைக்கப் பூச்சு தேயும். அதற்குப் பதில் எஃகு இழை என்றால் உறுதியானது, ஆனால் வளைய மறுத்து ஊசியைச் சிரமப்படுத்தும். மென்மையான நூல் கடினமான மின்னணுப் பலகையில் போய்ச் சேரும் முனைதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த இடத்தில்தான் முதலில் அறும். கடைகளில் இத்தகைய உடைகள் இன்னும் அரிதாக இருப்பதற்குச் சிப்பை விட இந்தச் சலவையும் முனையுமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மூவரும் மேசையில் குனிந்து வெகுநேரம் பேசினார்கள். முடிவில் இறுக்கத்தைப் பட்டையோடு நிறுத்திக்கொண்டு, அதன் இரு பக்கமும் தளர்வான ரிப் பின்னல் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். அதற்கு வரைபடத்தை முதலிலிருந்து மாற்ற வேண்டும். அம்மாள் கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணி கண்ணியாக மாற்றத் தொடங்கினார். பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் அமர்ந்து, எந்த ஊசி எப்போது எழும்புகிறது என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார்.