கோத்தகிரியில் ஒரு சேலை

போகும்போது எங்க பைகளில் இருந்தவை: ரெண்டு கிட்டார், நாப்பது பாட்டுப் புத்தகம், துணியில செஞ்ச பொம்மைகள், அம்மாமார் கட்டிக்கொடுத்த ரெண்டு கிலோ தேயிலை. நீலகிரிக்குத் தேயிலை கொண்டு போன கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

நோட்டன் பிரிட்ஜ் சபை வாலிபர் ஒன்பது பேர், கூட போதகர் அண்ணன். எங்கள்ல எட்டுப் பேருக்கு அதுதான் முதல் பாஸ்போட். வெளிநாட்டு ஊழியம்னு சொன்னா எங்க பக்கத்துல அர்த்தமே வேற. வெளிநாட்டுக்காரங்க வருவாங்க, லயத்துக்கு முன்னால பிள்ளைகளை நிக்க வச்சு பலூன் கொடுப்பாங்க, படம் எடுப்பாங்க, போயிடுவாங்க. அந்தப் படங்கள்ல நின்ன பிள்ளைகள் நாங்க. இப்ப பொம்மையும் கிட்டாரும் தூக்கிக்கிட்டு நாங்க போறோம்னு நினைச்சப்ப, பெருமை இல்லாம இல்ல. ஒரு கூச்சமும் இருந்துச்சு.

கொழும்புல இருந்து திருச்சி, அங்க இருந்து பஸ்ல மேட்டுப்பாளையம், அப்புறம் மலை. கோத்தகிரி வளைவுகள்ல ஏறினதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ஞ்சிட்டோம். அதே பச்சை, அதே மூடுபனி, கூடையோட அதே மாதிரி குனிஞ்ச முதுகுகள். "நாம இன்னும் ஊரைவிட்டே கிளம்பலையோ"ன்னு ஒருத்தன் கேட்டான்.

ஒரு விதத்துல அது பொய்யும் இல்ல. 1964 ஒக்டோபர்ல சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, எங்க சனத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல சரிபாதியா வெட்டிக்கிட்டாங்க. போனவங்கள்ல நிறையப் பேரை நீலகிரித் தேயிலைக் காட்டுலயே குடி வச்சாங்க. அங்க அவங்களுக்குப் பேரு 'சிலோன்காரங்க'. இங்க இருந்தவரைக்கும் இந்தியத் தமிழர். எந்தப் பக்கம் நின்னாலும் மறுபக்கத்துப் பேருதான்.

முதல் நாள் பொம்மலாட்டம் சொதப்பல். நல்ல சமாரியன் கதை. அங்கயே சபை இருக்கு, ஞாயிறு பாடசாலை இருக்கு. பிள்ளைகள் எங்களுக்கு முன்னாலயே வசனத்தைச் சொல்லி முடிச்சிட்டாங்க. நாங்க 'பஸ் ஹோல்ட்'னு சொன்னதுக்குத்தான் சிரிச்சாங்க. கடைசியில ஒரு பெரியவர் கேட்டார்: "எதுக்கு வந்தீங்க, பிள்ளைகளா?" பதில் யார்கிட்டயும் இல்ல.

இந்தக் கடலை ஊழியத்துக்காகத் தாண்டினது நாங்க முதல் ஆளில்ல. 1854ல சி.எம்.எஸ். சங்கம் இலங்கைத் தோட்டங்களுக்காக 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கினப்போ, திருநெல்வேலி உபதேசியார்மார்தான் இங்க வந்தாங்க. துரைமார் பேரு கல்லறைக் கல்லுல இருக்கு. அந்த உபதேசியார்மார் பேரு எங்க யாருக்கும் தெரியாது. அவங்ககிட்டயும் லயத்துல யாராவது இதே கேள்வியைக் கேட்டிருப்பாங்க.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு அம்மாயி வந்தாங்க. சபைக்காரங்க இல்ல, நெத்தியில விபூதி. எங்கள்ல ஒருத்தி 'கோச்சி'ன்னு சொன்னது காதுல விழுந்து நின்னிருக்காங்க.

"எந்த ஊரு?"

"நோட்டன் பிரிட்ஜ், அம்மாயி."

படியில அப்படியே உக்காந்துட்டாங்க. அப்புறம் கேள்வி மேல கேள்வி. டேம் கதவு தொறந்தா சத்தம் இன்னும் லயம் வரைக்கும் கேக்குதா? ஏழு கன்னி மலை தெரியுதா? பிரட்டுக்கு இன்னும் தப்புத்தானா?

1972ல வந்தவங்க. ஹட்டன்ல கோச்சி ஏறி, தலைமன்னார்ல கப்பல். அழுகைச் சத்தத்துலயே போன கோச்சின்னு அதுக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேரு. இவங்க குடும்பத்துக்கு இந்தியா. தங்கச்சி கட்டினவர் இலங்கைக்கு விண்ணப்பம் போட்டவர். அதனால தங்கச்சி பிளாட்போம்ல நின்னுட்டாங்க. 1983 வரைக்கும் கடிதம் வந்துச்சாம். அதுக்கப்புறம் இல்ல.

மறுநாள் விடியக் காலையில ஒரு சேலையைக் கொண்டு வந்தாங்க. நீல நூல் சேலை, கடைப் பை கூட பிரிக்கல. "அவகிட்ட குடுங்க. ஜெபம் பண்றவங்கதானே, கண்டுபிடிச்சிருவீங்க."

ஊருக்கு வந்து மூணு ஞாயிறு தேடினோம். அந்த டிவிஷன்ல பழைய லயத்தை இடிச்சிருந்தாங்க. ஒரு ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளைதான் வழி காட்டினார். தங்கச்சியோட மகள் வீட்டைக் கண்டுபிடிச்சோம். தங்கச்சி செத்து ரெண்டு வருஷம்.

யார் சொல்றது? எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. சொல்லவே வேணாம், அந்த நம்பிக்கையோடயே இருக்கட்டும்னு பாதிப் பேர். நம்மளை நம்பிக் கொடுத்தவங்ககிட்ட பொய் சொல்றதாமு மத்தவங்க. போதகர் அண்ணன் வாயே திறக்கல. கடைசியில மகள்தான், "நானே சொல்றேன், என் பெரியம்மாதானே"ன்னு சேலையை வாங்கினாங்க.

அதைக் கட்டிக்கிட்டுத்தான் வீடியோ அழைப்புல உக்காந்தாங்க. அந்தப் பக்கம் அம்மாயி ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. போனை மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு போய்ப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. மகள் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலயே, "அவ போயிட்டாளா"ன்னு கேட்டாங்க.

"ஆமா பெரியம்மா."

அதுக்குள்ள பனி இறங்கி சிக்னல் போயிருச்சு. மூணு தடவை திரும்ப எடுத்துப் பாத்தோம். நாலாவது தடவை கிடைச்சப்ப அம்மாயி அழுது முடிச்சு முகம் கழுவியிருந்தாங்க. "சேலை நீளம் சரியா இருக்கா, எழுந்து நில்லு பாப்போம்"னாங்க. மகள் எழுந்து நின்னாங்க. நாங்க போனைத் தூரமாப் பிடிச்சோம்.