தாச்சியைக் கேட்டுத்தான் இறக்க வேண்டும்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போனால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு. நடுவே தென்னந்தோப்பும் வெங்காயப் பாத்திகளும், தூரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும். தேங்காய்க்குப் பெயர்போன புத்தளம் மாவட்டம் இது. தென்னை ஆராய்ச்சி நிலையமே இந்த மாவட்டத்து லுணுவிலையில்தான் இருக்கிறது. பெருநாள் நெருங்கினால் வீடுகளில் தேங்காய் டொபி கிண்டுவதில் என்ன வியப்பு!

நான் போன வீடு ஆலங்குடாப் பக்கம். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து படகேறி வந்த குடும்பம். அன்று சிறுமியாகக் கரையிறங்கிய ராத்தா இன்று டொபியும் தொதலும் செய்து விற்கிறார்.

"எதப் பார்க்கப் போறீங்க தம்பி, தொதலா டொபியா?" என்றார். தொதல் என்றால் அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் எண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். ஆள் மாற்றி ஆள் அகப்பை பிடிக்க வேண்டும். ஜாவா முதல் கீழக்கரை வரை செய்கிற பண்டம். டொபி சுலபம் என்று அதையே கேட்டேன். ராத்தா சிரித்தார்.

இரண்டு தேங்காயை வெள்ளை மட்டும் விழும்படி திருவினார். ஓட்டையொட்டிய பழுப்பு கலந்தால் டொபியில் புள்ளி விழுமாம். அது சம்பலுக்குப் போனது. தாச்சியில் ஒரு கிலோ சீனியும் கொஞ்சம் பாலும். அடியில் சிரட்டையும் பொச்சுமட்டையும் எரிந்தன. 2022இல் காஸ் கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் போட்ட அடுப்பு, பிறகும் நிலைத்துவிட்டது.

பாகு கொதித்ததும் ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். கரைந்து பரவியது, "காணாது." மறுமுறை விட்ட சொட்டு அடியில் தங்கியது. விரலால் கூட்டியபோது மெதுவான உருண்டையாகத் திரண்டது. வெப்பமானி வைத்தால் 115 பாகை செல்சியஸ் அளவில் காட்டும். ஆனால் கஷ்டமே அதற்குப் பிறகுதான். தேங்காய்ப்பூ விழுந்ததும் அதன் ஈரத்தில் பாகு மறுபடி இளகிவிடுகிறது. முதலில் பார்த்த பதத்தை நம்பி இறக்கினால் தட்டில் கிடப்பது சீனிக் களி. கூடப் போனாலோ வெட்டும்போதே உதிரும். கலவை அகப்பையோடு சுருண்டு வர வேண்டும். தாச்சி ஓரத்தில் சீனி வெள்ளையாகப் பூக்க வேண்டும். "மணியப் பார்க்கக் கூடாது, தாச்சியத்தான் கேக்கணும்" என்றபடி ரோஸ் கலரும் ஏலக்காய்த்தூளும் போட்டு இறக்கினார். பட்டர் பூசிய தட்டில் கொட்டி, எண்ணெய்த்தாள் வைத்து அமுக்கி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போட்டார். ஆறியபின் கோடு போட்டால் துண்டு நேராக வராது.

சோளகம் அடிக்கிற மாதங்களில் கடற்காற்றின் ஈரத்தைச் சீனி இழுத்துக்கொள்கிறது. அதனால் வெட்டிய கையோடு சுற்றி அடைத்துவிட வேண்டும். கிண்டியதைவிடச் சுற்றுவதற்குத்தான் அதிக நேரம் போயிற்று. நானும் உட்கார்ந்து சுற்றினேன். என் பொட்டலங்களை ராத்தாவின் மகள் பிரித்துத் திரும்பச் சுற்றினாள்.

பெருநாளன்று இந்த டொபி அயல்வீடுகளுக்குத் தட்டில் போகும். அந்தத் தட்டுகள் நத்தாருக்கு கேக்கோடும், சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸோடும் திரும்பி வரும். அங்கே விலைப் பேச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் கொழும்பிலிருந்து வரும் ஆர்டரில்தான் தாய்க்கும் மகளுக்கும் தகராறு. 2024 கடைசியில் தேங்காய் விலை எகிறியபோதும் ராத்தா பழைய விலைக்கே கொடுத்தாராம். மகளின் கொப்பியில் தேங்காய், சீனி, தாள் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. கூலிக்கான இடம் காலி.

"பெருநாள் சாமானுக்குக் கூலி கேட்டா என்ன நெனப்பாங்க?"

"அயலுக்குக் குடுக்கிற தட்டு வேற, கொழும்புக்குப் போற பெட்டி வேற உம்மா."

நான் மகள் பக்கம். கடையில் அதே டொபியை வாங்குகிறவர்கள் கூலியையும் சேர்த்துத்தானே கொடுக்கிறார்கள். கடைசியில், கொழும்புப் பெட்டிக்கான விலையை மகளே எழுதுவதென்று முடிவாயிற்று. தொதலுக்குக் கூலி சேர்க்கும் விஷயத்தில் மட்டும் ராத்தா இன்னும் இறங்கி வரவில்லை.