காட்டுவழிக்கு ஒரு பை

ஆடி மாதம் நெருங்கும்போது கிழக்கிலங்கையில் ஒரே பேச்சுத்தான்: "இந்த முறை கதிர்காமத்துக்கு நடக்கிறதா?" வீட்டு முற்றத்திலும், தையல் வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும் இதே கதை. நடக்கும் ஆசை பல பெண்களுக்கு இருக்கிறது. ஆனால் அடுத்த வார்த்தை "அதுக்கும் காசு வேணுமே" என்றுதான் வருகிறது. நல்ல பை வேண்டும், சப்பாத்து வேண்டும், படுக்கை வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டு ஆசையை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

நான் உகந்தையிலிருந்து காட்டுவழியாக மூன்று முறை கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறேன். அந்த நடையில் கண்டதை வைத்துச் சொல்கிறேன், சகோதரிகளே: காசு செலவழிக்க வேண்டியது இரண்டே விடயங்களுக்குத்தான். ஒன்று பாதம், மற்றது தண்ணீர். மீதிப் பொருட்களில் அநேகமானவை உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

பாதை எப்படிப்பட்டது?

முழு யாத்திரை வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக வந்து உகந்தையை அடைய ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடக்க வழியில்லாமல் இருந்தது. காட்டுப்பகுதியில் உள்ள குமண சரணாலயமும் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2009 இல் போர் முடிந்த பின் மீண்டும் சந்நிதியிலிருந்து அடியார்கள் நடந்து வருகிறார்கள்.

புதிதாக நடப்பவர்களுக்கு உகந்தையிலிருந்து நடக்கும் ஐந்து, ஆறு நாட்களே போதுமானது. சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமைக் கிராமத்தைத் தாண்டினால் கடலோரப் பாறை மலையில் உகந்தை முருகன் கோயில் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு. குமண வில்லு, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நடந்து மாணிக்க கங்கைக் கரையில் கதிர்காமத்தைக் காணலாம். காட்டுப்பாதை திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதைப் பத்திரிகைகளில் அறிவிப்பார்கள். கேட்டு உறுதிப்படுத்திய பின்பே புறப்பட வேண்டும்.

அந்த ஐந்து நாளும் பயமாக இருந்தால், முதல் வருடம் திருக்கோவிலிலிருந்து பொத்துவில் வரை மட்டும் நடந்து பாருங்கள். அது பஸ் ஓடும் பெருந்தெரு. முடியாவிட்டால் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். பையின் வார் எங்கே வெட்டுகிறது, செருப்பு எங்கே கடிக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். காட்டுக்குள் தெரிந்தால் மாற்ற வழியில்லை.

பை

முதலில் நிறையைப் பற்றி நினைக்க வேண்டும். உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது நடைப்பயணிகளின் பொதுக் கணக்கு. 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அது 10 கிலோ. பழக்கமில்லாதவருக்கு அதுவும் அதிகம். தண்ணீரோடு சேர்த்து 7 கிலோவுக்குள் நிறுத்தினால் ஐந்தாம் நாளும் சிரித்த முகத்தோடு நடக்கலாம். சந்தையில் மீன் நிறுக்கும் தொங்கு தராசில் பையைக் கொழுவிப் பாருங்கள். கையால் தூக்கிப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம்.

பிள்ளை பாவித்து விட்ட பள்ளிக்கூடப் பை இந்தப் பயணத்துக்குப் போதும். அது சிறிதாக இருப்பது நல்லது. பெரிய பை என்றால் நிரப்ப மனம் வரும். புறப்பட முன் மூன்று வேலை செய்ய வேண்டும்.

முதலாவது, தோள் வார் பையோடு சேரும் இடத்தைப் பலப்படுத்துவது. பழைய பைகள் அங்கேதான் கிழியும். அந்த இடத்தில் தடித்த துணித் துண்டு வைத்துச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தையல் போடுங்கள்.

இரண்டாவது, வாரை அகலப்படுத்துவது. மெல்லிய வார் இரண்டு மணித்தியாலத்தில் தோளை வெட்டும். பழைய ஜீன்ஸ் துணியை நாலாக மடித்து, மூன்று விரல் அகலத்துக்குக் குறையாமல் வாரைச் சுற்றித் தையுங்கள்.

மூன்றாவது, இடுப்புப் பட்டி. மலையேறுவோருக்கென்று விற்கும் விலை கூடிய முதுகுப்பைகளின் பெரிய நன்மை இதுதான். இடுப்பில் இறுக்கிக் கட்டும்போது பாரத்தின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். பழைய சேலையை நீளமாகக் கிழித்து மடித்துப் பையின் இரு பக்கமும் தைத்துவிட்டால் உங்களுக்கும் அந்த நன்மை கிடைக்கும். தையல் மெசின் உள்ள எவருக்கும் இது ஒரு பின்னேர வேலை.

அடுக்கும்போது பாரமானவற்றை முதுகோடு ஒட்டி, தோளுக்குக் கிட்டவாக வையுங்கள். பாரம் பின்னுக்குத் தள்ளி இருந்தால் உடம்பு பின்னால் இழுபடும். துணிகள் அடியிலும் வெளிப்பக்கமும் இருக்கட்டும்.

பாதம்

உகந்தையைத் தாண்டியதும் மணல். காலையில் குளிர்ந்திருக்கும் மணல் பத்து மணிக்குப் பின் அடுப்புத் தட்டுப்போலச் சுடும். சில இடங்களில் முள்ளும் சரளைக்கல்லும் உண்டு. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு சோடி செருப்பைப் பையில் வைத்திருப்பது நல்லது.

காசு செலவழிக்கச் சொன்ன முதல் இடம் இது. விரலிடுக்கில் வார் உள்ள சாதாரண பாட்டாச் செருப்பு வீட்டுக்கும் குளிக்கும் இடத்துக்கும் சரி. நாள் முழுக்க நடந்தால் விரலிடுக்கைத் தின்றுவிடும். குதிக்காலைப் பிடிக்கும் பின்வார் உள்ள, அடி தடித்த செருப்பை வாங்குங்கள். சப்பாத்துக்குள் மணல் புகுந்து அரைக்கும், செருப்பிலோ உதறிவிடலாம். மாலையில் போய் வாங்க வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால் சற்று வீங்கியிருக்கும், நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். வாங்கியதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் இரண்டு மூன்று கிழமை போட்டு நடந்து காலுக்குப் பழக்க வேண்டும்.

இரவில் தங்கும் இடத்தில் காலைக் கழுவி, ஈரம் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். சுத்தமான துணியை வளையமாக மடித்து, கொப்புளம் நடுவில் வரும்படி கட்டினால் உரசாது. நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஒரு சிறு கண்ணாடி கொண்டுபோய் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

செயற்கைக் காலோடு நடக்கும் சகோதரிகளையும் இந்தப் பாதையில் கண்டிருக்கிறேன். வியர்வையும் மணலும்தான் அவர்களுக்கு எதிரி. காலுக்குள் போடும் உறையில் இரண்டு மூன்று மேலதிகமாக இருக்கட்டும். இரவில் காலைக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக் காற்றாட விடுங்கள். புறப்பட முன் கால் பொருத்திய நிலையத்தில் ஒருமுறை காட்டிக் கேட்பது நல்லது.

தண்ணீர்

கும்புக்கன் ஆற்றங்கரையில் பெரிய மருதமரங்கள் நிழல் விரித்து நிற்கும். யாரும் அவசரப்பட்டு எழும்ப மாட்டார்கள். குளிப்பவர்கள், உடுப்புத் துவைப்பவர்கள், உலை வைப்பவர்கள் என்று ஒரு சிறு ஊரே அங்கு கூடிவிடும். ஆனால் அந்த ஆற்றைக் கடந்தால் அடுத்த பெரிய ஆறு மாணிக்க கங்கைதான். இடையில் குளங்களும் மடுக்களும் மணலில் தோண்டும் ஊற்றுக்களும் இருக்கும். கடலுக்குக் கிட்டிய ஊற்று உவர்க்கும். அண்மைய ஆண்டுகளில் பவுசர்களில் தண்ணீர் வைக்கிறார்கள். ஆனாலும் கூட்டம் கூடினால் முடிந்துவிடும். அதை மட்டும் நம்பி நடக்க முடியாது.

அதனால் இரண்டாவதாகக் காசு செலவழிக்க வேண்டியது ஒழுகாத, பலமான போத்தல்களுக்கு. ஒரு லீற்றர் போத்தல் ஒன்று கையிலும், இரண்டு லீற்றர் கான் ஒன்று பையிலும் இருக்கட்டும். தண்ணீர் எடுக்கும் இடத்தில் எல்லாம் நிரப்புங்கள். பொலித்தீனையும் ஒருமுறை பாவித்து எறியும் போத்தலையும் காட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். அது நியாயமும்கூட.

குளத்துத் தண்ணீரை நாலாக மடித்த சேலைத் துணியால் வடித்து, நன்றாகக் கொதிக்க வைத்த பின்பே குடியுங்கள். ஜீவனி பைக்கற் நாலைந்து கட்டாயம் வேண்டும். அது முடிந்துவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம்.

படுக்கையும் உடுப்பும்

ஆடி மாதம் இந்தப் பக்கம் வரட்சிக் காலம். இரவில் கடற்காற்று மட்டும் சற்றுக் குளிரும். விலை கொடுத்துக் கூடாரமோ உறக்கப் பையோ வாங்கத் தேவையில்லை. எல்லோரும் நெருப்பு மூட்டி வட்டமாகப் படுப்பார்கள். ஆள் நீளத்துக்கு வெட்டிய தறப்பாள் துண்டு ஒன்றும் போர்த்த ஒரு பெட்சீற்றும் போதும். தறப்பாளின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தில் விரிக்கலாம், திடீர் மழைக்குப் பையை மூடலாம், நாலு பேர் கொப்புகளில் கட்டி மறைப்புச் செய்து உடுப்பு மாற்றலாம்.

உடுப்பு உடுத்தியது ஒன்று, மாற்ற ஒன்று. சீத்தைத் துணி கெதியாகக் காயும். ஒரு துவாய், தலையை மூட ஒரு துணி, சிறு ரோச் லைற். இரவில் ஒதுங்கப் போகும்போது தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போக வேண்டும். யானை நடமாடும் காடு அது. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடியும் வரும்.

மாதவிடாய்த் துணிகளை வருமோ வராதோ என்று பார்க்காமல் எல்லோரும் எடுத்துச் செல்லுங்கள். நீண்ட நடையில் நாட்கள் முந்துவதுண்டு. பாவித்ததைக் காட்டில் எறியாமல் தனிச் சுருக்குப் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். கோயில் வழக்கம் குழுவுக்குக் குழு வேறுபடும். மூத்த பெண் ஒருவரிடம் முன்பே கேட்டு வைத்தால் வழியில் சங்கடம் இல்லை.

சாப்பாடு பெரும்பாலும் குழுவாகச் சமைப்பதுதான். அரிசி, பருப்பைப் பங்கு போட்டுச் சுமப்பார்கள். உங்கள் பங்குக்குச் சத்துமா அரைக் கிலோ, பனங்கட்டி, வறுத்த கச்சான், நாலைந்து தேசிக்காய் போதும்.

எதை விட்டுச் செல்வது?

இரண்டாம் முறை நடந்தபோது, உகந்தைக் கோயிலடியில் ஒரு மூத்த அம்மா புதியவர்களின் பைகளை அவிழ்த்துப் பார்த்தார். "என்ன புள்ள, இவ்வளவையும் ஆரு சுமக்கிற?" என்று சொல்லிச் சொல்லி, இரண்டாவது சவர்க்காரம், பெரிய சீப்பு, மூன்றாவது சேலை எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். ஒரு பெண்ணின் பையில் தடித்த கோவை ஒன்று இருந்தது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம், பிறப்புச் சான்றிதழ், முறைப்பாட்டுப் பிரதிகள். ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். "முருகனுக்குக் காட்டப் போறன்" என்றார் அவர். அந்த அம்மா கோவையைத் தன் தறப்பாளில் சுற்றி, பையில் முதுகோடு ஒட்டிய இடத்தில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அதற்கு ஈடாக அந்தப் பெண்ணின் பங்கு அரிசியை எங்களில் மூன்று பேர் பிரித்து எடுத்தோம்.

எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அன்று விளங்கியது. இடம்பெயர்ந்த காலத்தில் எடுக்க நேரமில்லாமல் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். எது தேவை என்று ஆறுதலாக இருந்து யோசித்து, நாமே தெரிந்தெடுத்துக் கட்டும் பை இது. அதில் மற்றவர்கள் கொண்டுவருகிறார்கள் என்பதற்காக ஒரு பொருளும் இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. இந்தப் பயணத்துக்காக நுண்கடன் எடுக்காதீர்கள், நகை அடகு வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் கிழமைத் தவணை வாசலில் நின்றால் நடந்த நிம்மதி ஒரு நாளும் தங்காது. செருப்புக்கும் போத்தலுக்கும் மாதம் மாதம் சிறு தொகை ஒதுக்குங்கள். தை மாதத்தில் தொடங்கினால் ஆடிக்குள் சேர்ந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்தால் மருந்துப் பொட்டலம், ரோச் லைற், தறப்பாள் எல்லாம் பொதுவாகிச் செலவும் பாரமும் குறையும். அடுத்த தையல் வகுப்பில் பழைய பள்ளிக்கூடப் பையொன்றைக் கொண்டுபோய் வாரிலிருந்து தொடங்குங்கள்.