நாலேகால் டூல்

பாரிமுனையில் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறை அது. "செருப்பைக் கழட்டாதீங்க சார், தரையெல்லாம் தூள்" என்றார் மிஷினில் நின்றவர். முப்பது வருஷமாக இதே வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அன்றைய ஆர்டர் ஒரு பைஃபோகல், தூரத்துக்கு பிளஸ் 2.00. சாதாரண பவரெல்லாம் ரெடிமேடாகவே கிடைப்பதால் இங்கே வருவதில்லை. முன்பக்கம் மட்டும் முடிந்த தடித்த பிளாங்க் கம்பெனியிலிருந்து வந்துவிடும். பின்பக்கத்தைக் குழித்துப் பவரை வரவழைப்பது அண்ணன் பாடு.

பள்ளிப் புத்தகத்தில் குவிலென்ஸ் என்றால் இருபுறமும் புடைத்த படம்தான். மூக்குக் கண்ணாடிக்கு அது ஒத்துவராது. இதில் முன்பக்கம் புடைப்பு, கண் பக்கம் குழிவு. குறுக்கே வெட்டினால் பிறை. முன் வளைவு பிளஸ் 6, பின் வளைவு மைனஸ் 4 என்றால் மிஞ்சுவது ஏறத்தாழ பிளஸ் 2. இருபுறமும் புடைக்க விட்டாலும் அதே பவர் வரும்தான். ஆனால் கண்ணை ஓரத்துக்கு உருட்டினால் எழுத்து கலங்கும். இந்தக் குறைக்காகவே பிறை வடிவத்துக்கு 1804-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார் விஞ்ஞானி வொல்லாஸ்டன். 1812-இல் அதே பிறையை கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப்பெட்டிக்கும் கொண்டுபோனார். பின்னாளில் மலிவான பெட்டிக் கேமராக்கள் பலவற்றில் இருந்ததும் ஒற்றைப் பிறை லென்ஸ்தான். ஆய்வுக்கூடங்களில் இன்னொரு குவிலென்சோடு இதைச் சேர்த்துக் குவியத் தூரத்தைச் சுருக்குகிறார்கள்.

அண்ணன் அலமாரியைத் திறந்தார். வரிசையாக, லென்சைத் தேய்க்கும் வளைந்த அலுமினிய டூல்கள், கால் கால் பவராக நம்பர் வெட்டியிருந்தது. வேண்டியது நாலு, அவர் எடுத்தது நாலேகால். தவறி எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"நம்பரெல்லாம் கண்ணாடி லென்ஸுக்குப் போட்டது சார். பிளாஸ்டிக் வெளிச்சத்தை அவ்வளவு மடக்காது. கால் கூட வச்சுத்தான் தேய்க்கணும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டூலின் நம்பர் 1.53 ஒளிவிலகல் எண்ணுக்கு, சி.ஆர்.39 பிளாஸ்டிக்கோ 1.498. நாலு, 4.26 ஆகிறது.

பட்டறையில் அண்ணன் பிளாங்கின் முன்பக்கத்தில் டேப் ஒட்டி, இளஞ்சூட்டிலேயே உருகும் உலோகத்தை ஊற்றிப் பிடி வைத்தார். ஜெனரேட்டர் என்ற வெட்டு மிஷின் பின்பக்கத்தைக் குடைந்து தள்ளியபோது லென்ஸ் மூச்சு பட்ட கண்ணாடி போல மங்கிக் கிடந்தது. டூலில் எமரி பேட் ஒட்டித் தேய்ப்பு. பிறகு வெள்ளைக் குழம்பு சொட்டச் சொட்ட பாலிஷ். கழுவிக் கட்டைவிரலால் தண்ணீரை வழித்தார். கையில் லென்ஸ் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. கேலிப்பரில் நடு 3 மி.மீ., ஓரம் 1.2.

பவர் பார்க்க மிஷின் மூலையில் இருக்கிறது. அவர் முதலில் போனது ஜன்னலுக்கு. கம்பியைப் பார்த்தபடி லென்சை வலப்பக்கம் நகர்த்தினார். கம்பி இடப்பக்கம் ஓடியது. பிளஸ் என்றால் எதிரே ஓடும், மைனஸ் என்றால் கூடவே வருமாம். மேலே ஒரு மைனஸ் 2.00 சோதனை லென்சை வைத்து மறுபடி ஆட்டினார். கம்பி அசையவில்லை. "சரி" என்று தட்டில் வைத்தார்.

இந்த வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. பெரிய லேப்களில் கம்ப்யூட்டர் மிஷின் டூல் அலமாரி இல்லாமலே வளைவை வெட்டிவிடுகிறது. அண்ணன் மேல்தட்டு டூல்களைப் போன வருஷம் பழைய அலுமினிய விலைக்குப் போட்டுவிட்டார். கீழ்த்தட்டில் இருப்பவை மட்டும் தினமும் எடுபடுகின்றன.